ரெண்டாவது கைப்பிடி

மாடிப்படி ஏறி அந்த அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கூரைக் கொக்கியில் தொங்கிய ஒரு வெள்ளைப் பாராசூட். துவைத்த கொசுவலையைக் காயப்போட்டது மாதிரி, விளிம்பு தரையில் படாமல் ரெண்டு நாற்காலிகள் மேல் பரத்தி விட்டிருந்தார்கள். "ராத்திரி முழுக்கத் தொங்கணும். மடிப்புக்குள்ள இருக்கிற ஈரமும் பழைய மடிப்போட ஞாபகமும் போகணும்" என்றார் அறைக்குச் சொந்தக்காரர். இந்தியில் சொன்னார், பாதி எனக்குப் புரிந்தது, மீதியை மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், தமிழாக்கினார்.

ஊர் பீர். இமாசலப் பிரதேசத்தில், காங்க்ரா மாவட்டத்தில் இருக்கிறது. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகருக்குப் போகும் குறுகிய ரயில் பாதையில் அஹ்ஜு நிலையத்தில் இறங்கினால் பக்கம். தேயிலைத் தோட்டம், திபெத்தியக் குடியிருப்பு, மடாலயங்கள், பின்னால் தௌலாதார் மலைச்சுவர். அந்தச் சுவரின் தோளில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங் என்கிற புல்வெளி. அங்கிருந்து ஓடிக் குதித்து, கீழே பீரில் வந்து இறங்குவார்கள். 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கேதான் நடந்தது. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, பறக்கத் தடை. நாங்கள் போனது தடை முடிந்து ஒரு மாதம் கழித்து. வானத்தில் எந்நேரமும் இருபது முப்பது வண்ணக் குடைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

நான் பறக்கிறவன் இல்லை. ஏணியில் மூன்றாவது படியிலேயே எனக்குக் கால் கூசும். என்னை அனுப்பியவள் என் தங்கை. அவள் வீட்டுக்காரர் ஏழு வருஷமாகப் பறக்கிறார். இந்த வருஷம் பிலாஸ்பூரில் கோவிந்த் சாகர் ஏரிக்கு மேலே, குடையை வேண்டுமென்றே மடக்கி மீளும் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். "வேணும்னே மடக்குவாங்களா?" என்று கேட்டவள், ஒரே நிபந்தனை போட்டாள்: ஆபத்துக்கான பாராசூட் ஒன்று போதாது, ரெண்டு வேண்டும். அதை மாட்டும்போது அண்ணன் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் ரெண்டாவது வைக்கும் எண்ணம் முன்பே இருந்ததால் சண்டை வரவில்லை.

எல்லாரும் உஸ்தாத் என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் தையல்காரர் விரல் மாதிரி தேய்ந்திருந்தது. மாப்பிள்ளை புதுப் பாராசூட்டையும் அதற்கான முன்பையையும் மேசையில் வைத்தார். உஸ்தாத் அதைத் தொடக்கூட இல்லை.

"பழசு எப்போ மடிச்சது?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு... மூணு வருஷம் இருக்கும்."

உஸ்தாத் ஒன்றும் சொல்லாமல் ஹார்னஸை, அதாவது பறக்கிறவர் உட்காரும் வார் இருக்கையை, எடுத்து உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார். பறக்கும்போது எப்படித் தொங்குமோ அப்படி, குடையோடு இணைக்கும் ரெண்டு கேரபைனர் கொக்கிகளிலும். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து வார்களை மாட்டிக்கொண்டார். அவருடைய முதல் பாராசூட் இருக்கைக்கு அடியில் ஒரு அறையில் இருக்கிறது. வலது இடுப்போரம் சிவப்புக் கைப்பிடி. உஸ்தாத் அந்தப் பிடியில் மீன் நிறுக்கும் தராசு மாதிரி ஒரு விற்தராசைக் கொளுவி, மெதுவாக இழுத்தார். முள் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறியது. ஒன்பது கிலோவைத் தாண்டியபோது சரக்கென்று பிடி விடுபட்டது.

இதற்கு ஐரோப்பியத் தர விதி ஒன்று உண்டு. கைப்பிடியை உருவ 20 நியூட்டனுக்குக் குறையாமலும் 70 நியூட்டனுக்கு மேல் போகாமலும் விசை வேண்டும். நம் கணக்கில் ரெண்டு கிலோவிலிருந்து ஏழு கிலோ இழுவை. ரெண்டுக்குக் கீழே போனால் மரக்கிளை பட்டோ, சும்மா கை பட்டோ தானாகவே கழன்றுவிடலாம். ஏழுக்கு மேலே போனால், குடை மடங்கிச் சுழன்று விழும்போது, உடம்பு எடை மூன்று நான்கு மடங்காகக் கனக்கும் நேரத்தில் கைக்குச் சிக்காது. இங்கே காரணம் வெல்க்ரோ. மூன்று வருஷம் திறக்காமல் அழுந்திக் கிடந்ததில் ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தது.

பாராசூட்டை மடித்து வைத்திருந்த உள்பையைப் பிரித்தபோது அதைவிட மோசம். பாராசூட்டின் கயிறுகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வைக்கும் ரப்பர் பேண்டுகளில் ரெண்டு இளகிப்போய்ச் சப்பிய மிட்டாய் மாதிரி கயிற்றில் ஒட்டியிருந்தன. உஸ்தாத் அவற்றை நகத்தால் சுரண்டி மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மச்சான், இதை அவகிட்ட சொல்லாதீங்க" என்றார். ஆறு மாதத்துக்கோ, அதிகம் போனால் வருஷத்துக்கோ ஒருமுறை பிரித்து மடிக்க வேண்டும் என்று செய்கிறவர்களே அட்டையில் எழுதித்தான் கொடுக்கிறார்கள். நாலு சக்கர வண்டிக்கு ஆயில் மாற்ற மறக்காத மனிதர் இவர்.

ரெண்டாவதை மாட்ட வந்த இடத்தில் முதலாவது கொக்கியில் ஏறியது. வெள்ளைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. அன்றைக்கு வேலை அவ்வளவுதான். நாங்கள் போய் நெய் ஊற்றிய சித்து என்கிற அந்த ஊர் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் காலை மடிப்பு. ஆரஞ்சுத் துணியைத் தரையில் நீளமாக இழுத்துப் போட்டார். பூசணிக்கீற்று மாதிரி வகுந்து தைத்த துண்டுகள். அவற்றைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று எண்ணி அடுக்கினார். துணி நழுவாமல் இருக்கச் சின்னச் சின்ன மணல் பைகள் வைத்தார். முதலில் அவற்றை எண்ணி ஒரு சிலேட்டில் எழுதினார்: பை ஆறு, கொக்கி ரெண்டு, நாடா ஒன்று. மடித்து முடித்ததும் மறுபடி எண்ணினார். ஒன்று குறைந்தாலும் முழுவதையும் பிரித்துவிடுவாராம். பாராசூட்டுக்குள் மறந்துபோன ஒரு பை, வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்தது மாதிரி.

வேலை நடக்கும்போதே பேச்சும் நடந்தது. இந்த வட்டப் பாராசூட் விரிந்தால் எவ்வளவு வேகத்தில் இறக்கும் என்று கேட்டேன். தரவிதிப்படி அதிகபட்ச எடையோடு நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையில் படும் வேகம் அது. அஞ்சடி மதில். தங்கையிடம் சொல்லத் தக்க எண் இது ஒன்றுதான் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் மதிலிலிருந்து காலை ஊன்றிக் குதிப்பது வேறு, முதுகுத்தண்டு கீழே இருக்கக் குதிப்பது வேறு. அதனால்தான் பாராசூட்டின் பட்டையை இடுப்பில் மாட்டாமல் ரெண்டு தோளிலும் மாட்டுகிறார்கள். தோளில் பிடித்தால் ஆள் நெட்டுக்குத்தாகத் தொங்குவார். பாதத்தைச் சேர்த்து, முழங்காலை மடக்கி, உருண்டு விழலாம்.

சரி, ஒன்று விரிந்தால் போதுமே, ரெண்டாவது எதற்கு? உஸ்தாத் தன் இடது முன்னங்கையைக் காட்டினார், நீளமான தழும்பு. ஒருமுறை அவர் எறிந்த பாராசூட், மடங்கிச் சுழலும் குடையின் கயிறுகளுக்குள்ளேயே போய்ச் சிக்கியிருக்கிறது. அது விரியாமல் நூல்கண்டு மாதிரி தலைக்கு மேலே சுற்ற, அவர் கீழே தேவதாரு மரத்தில் வந்து விழுந்தார். "அன்னிக்கு எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு." அதற்குமேல் அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு ரெண்டாவதாக ரொகலோ வகை வாங்க ஆசை இருந்தது. முக்கோணமாக விரிந்து, திருப்பி ஓட்டிக்கொண்டு போகக்கூடிய வகை, மெதுவாகவும் இறங்கும். ஆனால் அது தானும் முன்னோக்கிப் பறக்கப் பார்க்கும். மேலே பாதி விரிந்த குடை இன்னும் பறந்துகொண்டிருந்தால் ரெண்டும் எதிரெதிராக இழுத்து, நடுவில் தொங்குகிற ஆளை வேகமாகத் தரைக்குக் கொண்டுவரும். உடனே குடையை இழுத்துச் சுருட்டி அடக்கத் தெரிய வேண்டும். முதலாவதே கைவிட்ட பிறகு எறிவது ரெண்டாவது. அந்த நேரத்தில் ஓட்டுவதற்கு எதுவும் இல்லாத முட்டாள் வட்டமே நல்லது என்றார் உஸ்தாத். பறக்காதவனான எனக்கும் அதுதான் சரியாகப்பட்டது. நல்லவேளையாக மாப்பிள்ளை வாங்கி வந்ததும் வட்டம்.

இப்போது முன்பை. மடியில் வைத்த சோற்றுத்தூக்கு அளவுக்கு ஒரு பை; ரெண்டு பக்கமும் கேரபைனரில் கொளுவிக்கொண்டு வயிற்றுக்கு முன்னால் உட்காரும். இத்தனை லிட்டர் முதல் இத்தனை லிட்டர் வரை என்று அளவு எழுதியிருக்கும்; பாராசூட் அதைவிடப் பெருத்தால் வாசலில் சிக்கும், சிறுத்தால் உள்ளே உருளும். பட்டை பையிலிருந்து கிளம்பி ஒரு பக்கமாக ஏறி, குடைக் கயிறுகளை இணைக்கும் ரைசர் பட்டையைச் சுற்றாமல், முதல் பட்டையின் மேல் குறுக்கே விழாமல் தோளுக்குப் போக வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் பிடித்தது. தோள் வளையத்தோடு இணைப்பதற்கு 7 மில்லிமீட்டர் சதுர மெயிலான், அதாவது திருகி மூடும் எஃகு வளையம். கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று. வளையத்துக்குள் வளையத்தை நுழைத்தே முடிச்சுப் போடலாமே என்றேன். போடுகிறார்களாம். ஆனால் முடிச்சு தளர்ந்திருந்தால், பாராசூட் விரியும் அதிர்ச்சியில் பட்டை பட்டையோடு உரசிச் சூடாகும்; டைனீமா நார் 150 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். எஃகு வளையம் அசையாமல் இருக்க அதன் மேலும் ஒரு ரப்பர் பட்டை.

பையை மூடுவது பார்க்க அழகான வேலை. மெல்லிய நாடாவைக் கண்ணி வழியே கோத்து, நான்கு மடல்களின் ஓட்டைகள் வழியாகக் கண்ணியை மேலே இழுத்து, மஞ்சள் பின்னைச் செருகி, பிறகு நாடாவை உருவ வேண்டும். அவசரமாக உருவினால் நாடாவின் உரசலே கண்ணியைப் பொசுக்கிவிடும். உஸ்தாத் அதை வெண்ணெயிலிருந்து மயிர் எடுப்பது போல எடுத்தார்.

மாப்பிள்ளை மறுபடி ஏறித் தொங்கினார். "நீங்கதான் இழுக்கணும், நான் இழுத்தா கணக்கில்ல" என்று உஸ்தாத் தள்ளி நின்றார். மாப்பிள்ளை வயிற்றுக்கு முன்னால் இருந்த பிடியைப் பற்றி இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். பை முழுவதும் மேலே எழுந்து அவர் நெஞ்சில் முட்டியது, திறக்கவில்லை. அந்த அறையில் ஒரு கணம் யாரும் பேசவில்லை.

உஸ்தாத் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கைப்பிடியிலிருந்து ரெண்டு கிளை பிரிகிறது: ஒன்று பின்னுக்கு, மற்றது உள்பைக்கு. பின் முதலில் கழல வேண்டும், உள்பை அதற்குப் பிறகு இழுபட வேண்டும். நடுவே கொஞ்சம் தளர்வு அவசியம். இங்கே உள்பைக்குப் போகிற கிளை குட்டையாக இருந்தது. இழுத்ததும் உள்பை மூடிய மடல்களை உள்ளிருந்து உந்த, மடல்கள் கண்ணியை இழுக்க, கண்ணி பின்னை நெரித்தது. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு. மேசையில் வைத்து இழுத்தபோது ஒழுங்காகத் திறந்த அதே பைதான். ஆள் தொங்கி, கேரபைனர்கள் விலகி, இழுக்கும் கோணம் மாறியதும் வராமல் போய்விட்டது. உள்பையின் வேறொரு காதுக்குக் கிளையை மாற்றிக் கட்டினார். மூன்று விரல் தளர்வு கிடைத்தது. அடுத்த இழுப்பில் டிக் என்று பின் கழன்றது. உள்பை கையோடு வந்தது. மாப்பிள்ளை உற்சாகத்தில் அதை வீச, அது ஜன்னலோரம் இருந்த துளசித் தொட்டியைச் சாய்த்தது. மறுபடி மூடி விற்தராசால் இழுத்தபோது அது நாலரை காட்டியது.

எதை முதலில் எறிவது என்பதில் ஒரு சின்ன வாக்குவாதம். மாப்பிள்ளை, முன்னால் கண்ணுக்குத் தெரிகிற புதுசைத்தான் முதலில் என்றார். உஸ்தாத் ஒப்பவில்லை. ஏழு வருஷமாகத் தினமும் தொட்டுப் பார்த்த வலது இடுப்புக்குத்தான் கை தானாகப் போகும்; அந்த நேரத்தில் யோசிக்க ஆள் இருக்க மாட்டான், கை மட்டும்தான் இருக்கும். முன்பையை ரெண்டு கையாலும் எட்டலாம். வலது கை மாட்டிக்கொண்டால் இடது கைக்கு அது உதவும். அதனால் அது ரெண்டாவது. இந்த முடிவை இங்கேயே எடு, மேலே போய் எடுக்காதே என்றார்.

கடைசியாக அவர் காட்டிய விஷயம்தான் என்னைக் கலக்கியது. முன்பையை மாட்டியதும் கீழே இருக்கும் கால் வார்களின் கொக்கிகள் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. கால் வாரை மாட்ட மறந்து ஓடினால் குடை மேலே போகும், ஆள் ஹார்னஸிலிருந்து வழுக்குவார். அப்போது ரெண்டு இல்லை, பத்துப் பாராசூட் இருந்தும் பயனில்லை, எல்லாம் ஹார்னஸோடுதானே போகும். "இது ஒரு கண்ணை மறைச்சுட்டு ஒரு கையைக் கொடுக்குது" என்றார்.

மூன்றாம் நாள் காலை 14 கிலோமீட்டர் ஜீப்பில் பில்லிங் ஏறினோம். புல்லில் குடையை விரித்துவிட்டு மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். முன்பையின் ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றி, பையை ஒதுக்கி, கால் வார் ரெண்டையும் எனக்குக் காட்டினார். நான் குனிந்து ரெண்டையும் இழுத்துப் பார்த்தேன். பையை மாட்டினார். வலது இடுப்பைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார். நாலடி ஓடினார்; ஐந்தாவது அடிக்குத் தரை இல்லை.

நான் ஜீப்பில் இறங்கிக் கீழே போனபோது அவர் ஏற்கெனவே வயலோரம் குடையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் பின்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. போன் அடித்தது.

"அண்ணா, ரெண்டும் ஒழுங்கா வேலை செஞ்சுதா?"

"ரெண்டையும் தொடவே இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி. சாப்பிட்டாரா?"