பூதத்தோடு பேச ஒரு பகடை

மேற்கே திரும்பினால் மலை தெரிகிற சேத்தூரில் வளர்ந்த கண்ணுக்கு விஸ்கான்சின் சமவெளி வெறிச்சென்று இருந்தது. சிகாகோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் லேக் ஜெனிவா வந்துவிடுகிறது. ராஜபாளையத்தைவிட எவ்வளவோ சின்ன ஊர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேசிப் பேசியே ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. இந்த ஊரில் வளர்ந்த கேரி கைகாக்ஸும் மின்னசோட்டாவின் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியது. முதலில் அச்சிட்டது 1000 பெட்டிகள். பெட்டிக்கு மூன்று சிறு புத்தகங்கள்.

கைகாக்ஸ் 2008இல் இறந்தார். அவர் நினைவாக மார்ச் மாதம் இங்கே ஆட்டத் திருவிழா நடக்கிறது. அதற்குத்தான் போயிருந்தேன்.

காலையில் உட்கார்ந்தது ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ மேசையில். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகள் சிக்கலாக இருக்கின்றன என்று கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இலேயே எழுதிய எளிய ஆட்டம் அது. சாதாரண ஆறு முகப் பகடை போதும். பாலத்தை மறித்து நின்றது ஒரு பூதம். எல்லோரும் வாளை உருவ, பக்கத்திலிருந்த சிறுமி, “அதோட பேசிப் பார்க்கலாமா?” என்றாள். நடத்தியவர் ஒரு கணம் யோசித்து, இரண்டு பகடையை அவள் கையில் கொடுத்தார். இரண்டிலும் நான்கு. ஒரே எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். எனக்குச் சிலிர்த்தது! எங்கள் வீட்டுத் திண்ணையிலும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டே. பூதம் வழிவிட்டது.

மாலையில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கு 1970களின் இறுதியில் வந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பு. பகடைகளே பல வகை. இருபது முகம் வரை. எந்த ஆயுதம் எந்தக் கவசத்தின்மேல் எப்படிப் பாயும் என்பதற்குத் தனி அட்டவணை. வழியில் வந்த கொள்ளையரிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். அதற்கும் அட்டவணை இருந்தது! நூறு வரை எண் உருட்டி, என் கதாபாத்திரத்தின் வசீகரத்துக்கு ஏற்பக் கூட்டிக் கழித்து, அவர்கள் பகையா நட்பா என்று புத்தகமே சொன்னது. நேரம் பிடித்தது, ஆனால் ஊர் பேர் தெரியாத எனக்கும் பழைய ஆட்டக்காரர்களுக்கும் அங்கே ஒரே நீதி. தாயத்தில் ‘வெட்டாமல் உள்ளே போகலாமா’ என்று வீட்டுக்கு வீடு சண்டை வருமே, அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிக்கலான ஆட்டத்தின்மீது எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

இருந்தாலும் நான் வாங்கியது எளிய ஆட்டத்தைத்தான். நடத்துபவர் நியாயமானவராக இருந்தால் அது போதும். சேத்தூர்ப் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவில் நடத்தப்போவது நான். ஆறு முகப் பகடை ராஜபாளையத்தில் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும்.