ஹாம்ஸ்டர் பழகணும்னா, முதல்ல கூண்டுக்குள்ள இருந்து கையை எடுங்க

"டாக்டர், ஹாம்ஸ்டர் வாங்கினோம். எந்நேரமும் ஒளிஞ்சுக்கிட்டே இருக்கு, தொட்டா கடிக்குது. கடையிலயே திருப்பிக் கொடுத்துடலாமா?"

இந்த மாசம் மட்டும் மூணு பேர் இப்படிக் கேட்டாச்சு. ஒருத்தர் ஓ.பி. வரிசையில நின்னு, விரல்ல கட்டோட கேட்டார். நான் கால்நடை மருத்துவர் இல்லைங்க, மனுஷங்களைப் பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். ஆனா எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அது எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கணும். கடையில பொன்னிறமா, கொஞ்சம் பெரிசா இருக்கிறது சிரியன் ஹாம்ஸ்டர். 1930-ல இஸ்ரேல் அஹரோனிங்கிற விலங்கியலாளர் சிரியாவோட அலெப்போ பக்கம் வயல்ல ஆழமாத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார். செல்லமா வளர்க்க இல்லை. காலா அசார் ஆராய்ச்சிக்கு ஜெருசலேம்ல இருந்த சால் ஆட்லருக்கு ஆய்வக விலங்கு வேண்டியிருந்தது. நாங்க மைக்ரோபயாலஜியில உருப்போட்ட அதே லீஷ்மேனியா! பிடிபட்ட பதற்றத்துல அந்தத் தாய் தன் குட்டிகள்ல ஒண்ணையே கடிச்சுக் கொன்னுடுச்சு. இன்னைக்கு வீடுகள்ல வளர்ற சிரியன் ஹாம்ஸ்டர்கள்ல பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தோட வாரிசுங்கதான்.

நாய் நம்மகூட பல்லாயிரம் வருஷமா இருக்கு. இது வீட்டுக்குள்ள வந்து நூறு வருஷம்கூட ஆகலை. மண்ணுக்கடியில தனியா வாழ்ற ஜீவன். பகல்ல தூங்கும், இருட்டினா எழுந்திருக்கும். கண்பார்வை ரொம்ப சுமார், மூக்காலதான் உலகத்தைப் பார்க்குது. ஆந்தை, பருந்துன்னு அதைத் தின்ன வர்றதுல பலதும் மேல இருந்துதான் வரும்.

இப்ப நாம என்ன பண்றோம்? மத்தியானம் அசந்து தூங்கிட்டு இருக்கிறப்ப கூண்டு மூடியைத் திறந்து, மேல இருந்து அஞ்சு விரலை இறக்கறோம். நமக்கு அது கொஞ்சல். அதுக்கு அது பருந்து. கடிக்காம என்ன செய்யும்?

எங்க வீட்டுக்கு வந்தவன் முதல் நாலு நாள் தேங்காய்ச் சிரட்டைக்குள்ளயே கிடந்தான். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் கூண்டு முன்னாடி உட்காருவான். அஞ்சாவது நாள், "அதுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?"ன்னு கேட்டான். கண்ல தண்ணி. கணவர், "திருப்பிக் கொடுத்துட்டு மீன் தொட்டி வாங்கிக்கலாம்"னார். என் மாமியார் முதல் நாளே தீர்ப்பு சொல்லியாச்சு: "ஊரெல்லாம் எலிக்கு மருந்து வைக்குது. நீங்க காசு கொடுத்து எலி வாங்கிட்டு வந்திருக்கீங்க."

நான் ரெண்டு வாரம் கேட்டேன்.

குழந்தைகள் வார்டுல வேலை பார்த்தவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயந்த குழந்தையைக் கட்டில்ல படுக்க வைக்க மாட்டோம். அம்மா மடியிலயே இருக்கட்டும். ஸ்டெத்தை முதல்ல அது கையில கொடுப்போம், பிடிச்சுப் பார்க்கட்டும். நெஞ்சு சத்தத்தை முதல்லயே கேட்டுடணும், அழ ஆரம்பிச்சா ஒண்ணும் கேக்காது. தொண்டை, காது எல்லாம் கடைசியிலதான். முதல்லயே வாயைத் திறன்னு நாக்கை அமுக்கினா, அடுத்த தடவை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறும். இங்கயும் அதே கதைதான்.

மொதல் சில நாள் சாப்பாடு, தண்ணி மட்டும். தொடவே கூடாது. பையனோட பழைய பனியன்ல ஒரு சின்னத் துண்டை, நூல் பிரியாத மாதிரி வெட்டி, கூண்டு மூலையில போட்டோம், வாசனை பழகட்டும்னு. (பஞ்சு போடாதீங்க. கால்ல சுத்திக்கும், தின்னா குடல்ல அடைச்சுக்கும்.) கிட்டப் போறதுக்கு முன்னாடி மெதுவாப் பேசிக்கிட்டே போகணும். எல்லாமே ராத்திரி எட்டு மணிக்கு மேல, அவனா எழுந்த பிறகு.

அப்புறம் கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, உள்ளங்கையை விரிச்சு, பக்கவாட்டுல தரையோட தரையா வச்சு, நடுவுல ஒரு சூரியகாந்தி விதை. அவ்வளவுதான். கையை ஆட்டக் கூடாது, துரத்தக் கூடாது. கழுவறது ஏன்னா, கையில சாப்பாட்டு வாசனை இருந்தா விரலையே தின்பண்டம்னு கடிச்சுப் பார்க்கும்.

மூணு ராத்திரி விதை அப்படியே கிடந்துச்சு. நாலாவது ராத்திரி கழுத்தை நீட்டி எடுத்துட்டு ஓடிட்டான். பதினோராவது நாள் முன்னங்கால் ரெண்டையும் பையன் உள்ளங்கையில வச்சு நின்னு, விதையைக் கன்னப்பைக்குள்ள அமுக்கிக்கிட்டு நிதானமாத் திரும்பிப் போனான். பையன் மூச்சே விடலை.

தூக்குறது அதுக்கப்புறம்தான். ரெண்டு கையாலயும் கிண்ணம் மாதிரி அள்ளணும், நீங்க தரையில உட்கார்ந்துக்கணும். நின்னுக்கிட்டே தூக்கி நழுவ விட்டா கால் எலும்பு முறிஞ்சிடும். குளிப்பாட்டவே வேண்டாம். நம்ம ஊர்ல பயத்தை விட வெயில்தான் அதுக்கு எமன். கூண்டை ஜன்னல் வெயில்ல வைக்காதீங்க, உள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைங்க, அதுக்கடியில போய்ப் படுத்துக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு வேற பிரச்சினை: கடுங்குளிர்ல செத்த மாதிரி உறங்கிடும். புதைக்கிறதுக்கு முன்னாடி மெதுவா சூடு கொடுத்துப் பாருங்க!

ஒளிஞ்சுக்கிறது எல்லாமே கூச்சம் இல்லை. சாப்பிடாம கூனிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, வால் பக்கம் பேதியில நனைஞ்சிருந்தா, அன்னைக்கே கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. ஒரு நாள் தாமதமே உயிரை எடுத்துடும்.

கடிச்சிட்டா ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையில காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையான்னு கேளுங்க. கூண்டுக்குள்ளயே வளர்ற ஹாம்ஸ்டர் கடிச்சு ரேபிஸ் வர்றது மிக மிக அபூர்வம். ஆனா அது வெளிய ஓடிப் போய் வந்திருந்தாலோ, நாய் பூனை கடிச்சிருந்தாலோ மறைக்காம சொல்லுங்க, முடிவை டாக்டர் எடுக்கட்டும். வீட்ல கர்ப்பிணி இருந்தா கூண்டு சுத்தம் பண்ற வேலை வேற யாருக்காவது போகட்டும். கொறிக்கிற பிராணிங்ககிட்ட இருந்து கருவைப் பாதிக்கிற வைரஸ் ஒண்ணு தொத்தலாம்.

ஒண்ணு விட்டுப் போச்சு. இதோட ஆயுசு ரெண்டு, மிஞ்சினா மூணு வருஷம். வாங்கறதுக்கு முன்னாடியே பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. நான் என் பையன்கிட்ட சொன்னப்ப விரல் விட்டு எண்ணினான்.

"அப்ப நான் நாலாங்கிளாஸா, அஞ்சாங்கிளாஸா?"

"அந்த மாதிரிதான்டா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் எழுந்து போய்த் தண்ணி பாட்டிலைக் கழுவி நிரப்பினான்.