குரோஷியப் பயணம் – 6: தணலுக்கடியில் வெந்த உருளை

பிளிட்விட்சே ஏரிகளைப் பற்றிப் போன இதழில் எழுதிவிட்டேன். இந்த இதழ் முழுக்கச் சாப்பாடுதான்.

அந்த ஏரிகள் இருக்கும் பூங்காவிலிருந்து வடக்கே ராகோவிட்சா போகும் சாலையோரத்தில், மரத்தால் கட்டிய பழைய பாணி உணவகம் அது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா முந்தின நாளே அங்கே தொலைபேசியில் பேசி, 'பேகா' வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். நினைத்தவுடன் கிடைக்கிற பண்டமல்ல அது. ஆட்டுக்குட்டி இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் அகலமான தட்டில் பரப்பி, மணி வடிவ இரும்பு மூடியால் கவிழ்த்து மூடி, மேலேயும் சுற்றிலும் தணலை வாரிப் போடுகிறார்கள். நம் பிரியாணிக்குத் தம் போடுவது போலத்தான். வேக இரண்டு மணி நேரமாவது ஆகும்.

அதுவரை பசியாற முதலில் சூப் வந்தது. ஆட்டிறைச்சியும் காய்கறியும் கொதித்த, கெட்டியான லிக்கா சூப். கூடவே ஷ்கிரிபாவாட்ஸ் என்ற இளம் பாலாடைக்கட்டி. கடித்தால் பல்லுக்கிடையில் கீச்சென்கிறது. உப்பு குறைவு, பால் மணம் அதிகம். இரண்டாவது தட்டும் வாங்கினோம்.

இந்த லிக்கா வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. நீரில் கரைந்த சுண்ணாம்பு பாசியின் மேல் படிந்து படிந்துதான் பதினாறு ஏரிகளையும் பிரிக்கும் அணைகள் எழும்பின. காலையில் வாய்பிளந்து பார்த்த அழகெல்லாம் அந்தப் பாறை தந்தது. ஆனால் உழவருக்கு அது இரக்கம் காட்டவில்லை. பெய்த மழையைப் பிளவுகள் வழியே உறிஞ்சிக்கொள்கிறது, பல இடங்களில் மேல்மண் கொஞ்சம்தான், குளிர்காலமோ நீண்டது. இங்கே மனிதரைக் காப்பாற்றியவை ஆடும் உருளைக்கிழங்கும். லிக்கா உருளைக்கு இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு.

மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்துக்கு மேசையே பேச்சை நிறுத்தியது. பரிமாறிய அம்மா, "முதலில் உருளையைச் சாப்பிடுங்கள்" என்றார். அவர் சொன்னது சரி. இறைச்சி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது, உண்மைதான். ஆனால் கொழுப்பெல்லாம் இறங்கி, அடி பொன்னிறமாக முறுகி, உள்ளே மாவாக இருந்த அந்த உருளைதான் என் கணக்கில் விருந்து.

இந்த மேசைக்குப் பின்னால் ஒரு போரும் உண்டு. 1991 மார்ச் 31 அன்று இந்தப் பூங்காவில் நடந்த மோதலில்தான் குரோஷிய விடுதலைப் போரின் முதல் உயிர்கள் போயின. 1992 முதல் 1997 வரை ஏரிகள் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் இருந்தன. "அப்போது இந்த மலையில் ஆடும் இல்லை, ஆளும் இல்லை" என்றார் பரிமாறிய அம்மா. திரும்பி வந்தவர்கள் மறுபடி அடுப்பு மூட்டி, மறுபடி மந்தை சேர்த்து உண்டாக்கிய சாப்பாடு இது. பேருந்தில் வருகிறவர்களில் பலர் அருவியைப் படமெடுத்துக்கொண்டு, பொட்டல ரொட்டியைத் தின்றபடியே கடற்கரைக்குப் பறக்கிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. பாதி நாளை இந்த மேசைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் சின்னக் கண்ணாடிக் குவளையில் ஷ்லிவோவிட்சா, உள்ளூர் பிளம் பழச் சாராயம். தொண்டை எரிந்தது, வயிறு லேசானது. மாலையில் தெற்கே கிளம்பினோம். இதே லிக்காவில்தான் ஸ்மில்யான் கிராமம், 1856இல் நிகோலா டெஸ்லா பிறந்த ஊர். அங்கே போனதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.