மாலை ஆணி

மட்டக்களப்பில் படங்களுக்குச் சட்டமிடுவோரின் முதற் பகை உப்புக் காற்றே. ஒருபுறம் கடல், மறுபுறம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி. இரண்டுக்கும் இடைப்பட்ட கல்லடியில், ஊரார் 'பிரேம் போடுற கடை' என்று அழைத்த சிறு கடையொன்றை நாம் பல்லாண்டு நடத்தினோம். மாரிகாலத்தில், இரவு துடைத்து வைத்த வாள் விடியும்போது செந்நிறம் படர்ந்து கிடக்கும்.

சட்டத்தின் முனைகள் யாவும் 45 பாகையில் அறுபடல் வேண்டும். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிழைத்தாலும் நான்காம் மூலை வாய் பிளந்து நிற்கும். துருவேறிய வாளோ மரத்தை அறுப்பதில்லை, கடித்துக் குதறும். வாளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவோர் உளர். அது நாட்பட்டால் காறிச் சிக்குப் பிடித்துவிடும். தையல் இயந்திர எண்ணெயே தக்கது. கண்ணாடி வெட்டியின் சில்லை மண்ணெண்ணெய் தோய்ந்த பஞ்சின்மேல் வைத்தல் நலம். இவற்றையெல்லாம் எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. கருவிகளைப் பழுதாக்கியே கற்றோம். கருவியில் ஏறும் துரு நமக்கு நட்டம், அவ்வளவே. ஆணியில் ஏறும் துருவின் கதை வேறு.

1990 செப்டெம்பர் 5 ஆம் நாள், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டதை இப்பகுதி மக்கள் மறவார். அக்காலத்திலும் அதன் பின்னும் காணாமற் போனோர் பலரின் படங்கள் நம் கடைக்கு வந்தன. அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியவை சில. பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்தவை சில.

அப்படியொரு படத்துடன் ஒரு தாய் வந்தார். தொழில் வழக்கப்படி நாம் கேட்டோம்:

"மேலே மாலைக்கு ஆணி வைக்கிறதா, அம்மா?"

"மாலைக்கு ஆணி எதுக்கு மனே? அவன் வருவான். சுவரில தொங்கவிட ஒண்டு போதும்."

நாம் தலை குனிந்தோம். மறைந்தோர் படத்துக்கே மாலை இடுவர் என்பதை அறியாதவரா நாம்? கை பழகிய தொழிலில் வாய் யோசியாமற் பேசிவிடுகிறது.

அன்று நாம் செய்த பிழை அது மட்டுமன்று. அந்தச் சட்டத்துக்கு மலிவான இரும்பாணி அடித்தோம். தொங்கவிட ஒரேயொரு இரும்பு வளையம் வைத்தோம். இரண்டடிக்கு ஒன்றரையடி அளவில் 2 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நிறைகொள்ளும். துருவோ தான் தின்ற இரும்பைவிடப் பெருத்து மரத்தைப் பிளக்கும். சில ஆண்டுகளில் வளையம் பெயர்ந்தது, படம் விழுந்தது, உடைந்த கண்ணாடி பிள்ளையின் கன்னத்தைக் குறுக்கே கீறிவிட்டது. மூலப்படம் அவரிடம் இல்லை. கூலி வாங்காமல் வேறு சட்டம் போட்டுக் கொடுத்தோம். கீறலை என் செய்வது? அத்தாய் நம்மை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அதன் பின்னரே ஆணியைப் பற்றி ஒழுங்காக யோசித்தோம். பித்தளைத் திருகாணி உப்புக்கு நின்று பிடிக்கும்; ஆயினும் மெதுவானது, நேரே முறுக்கினால் கழுத்து முறியும். முதலில் துளையிட்டு, அதே அளவான உருக்குத் திருகாணியை ஒருமுறை ஏற்றிக் கழற்றி, அதன்பின் மெழுகு தடவிய பித்தளையை முறுக்குதல் வேண்டும். சவர்க்காரம் தடவலாகாது, அது ஈரத்தை இழுக்கும். சாந்தில் கடல்மணல் கலந்த சுவராயின் உப்பு உள்ளேயே குடியிருக்கிறது. அங்கே 316 தரத் துருப்பிடியா உருக்கைத் தேடுங்கள். 304 தரம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாய் அரிபடும். ஒரு கொளுக்கி தொங்கும் இடத்தில் இரண்டு தொங்கட்டும்.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தடித்த அட்டைக் கரை வைக்கவும் அப்போதுதான் தொடங்கினோம். அதன் அருமையை 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடல்கோளின் பின் கண்டோம். நாவலடியிலிருந்தும் கல்லடியிலிருந்தும் சேறு படிந்த சட்டங்கள் வந்தன. கண்ணாடியோடு ஒட்டி உலர்ந்துவிட்ட படங்களை அவசரப்பட்டு இழுத்தவர்கள் முகத்தையே உரித்தெடுத்தார்கள். நல்ல நீரில் ஊறவைத்துச் சிலவற்றை மீட்டோம், எல்லாவற்றையும் அல்ல.

நல்ல ஆணிக்கு விலை அதிகம். கலியாணப் படம் கொண்டு வருபவர் கொடுப்பார். காணாமற் போனவரின் படத்தைக் கொண்டு வருபவர் எங்ஙனம் கொடுப்பார்? ஏழையின் சுவருக்கு மலிவாணி என்னும் இவ்வழக்கம் எந்த நீதியில் அடங்கும்? கலியாணப் படத்துக்குக் கூலியைச் சற்றே கூட்டி, எல்லாப் படத்துக்கும் ஒரே ஆணியை இட்டோம். தொழில் தெரியாதவர் என்று சக கடைக்காரர் சிரித்தனர். சிரிக்கட்டும்.

அத்தாய் காந்திப் பூங்காவில் நடந்த போராட்டங்களுக்கு அப்படத்தைத் தூக்கிச் சென்றார். கை நோகாதிருக்கக் கண்ணாடியைக் கழற்றி மெல்லிய பிளாஸ்டிக் தகடு போட்டுக் கொடுத்தோம்.

பின்னொரு நாள் அவருடைய மகள் வந்தாள். கையில் தாயின் படம். அதனோடு, சட்டம் வெளிறிய பழைய படமும். இரண்டையும் ஒரே அளவிற் போட்டுத் தரவேண்டும் என்றாள். நாம் ஆணிப் பெட்டியைத் திறந்தோமே தவிர, ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:

"அம்மாக்கு வையுங்க மாமா. அண்ணாட படத்தில வேணாம்."