ஆர்ச் கேட்டுக்கு அந்தப் பக்கம்

நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முகவரி என்றால் எண்தான். வெளியூரில் யாராவது கேட்டால் நெய்வேலி என்போம். நெய்வேலிக்குள் கேட்டால் பத்தாவது பிளாக், இருபத்தோராவது பிளாக் என்போம். அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரம், ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும் சங்கு. அப்பா முதல் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் ஃபிட்டர். நைட் ஷிப்டு முடிந்து வந்து அவர் தூங்குகிற பகல்களில் வீட்டில் ரேடியோ பாடாது.

ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் பழுப்பு நிலக்கரி தென்பட்ட கதையை எங்களுக்குப் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். 1956-ல் அதைத் தோண்டியெடுக்கும் நிறுவனம் வந்தது, 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதன்பின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறினார்கள். எங்கள் தெருவில் எதிர்வீடு பாலக்காடு, பக்கத்து வீடு நெல்லூர், மூலைவீட்டில் ஒரு வங்காளக் குடும்பம். ஓணத்துக்குப் பூக்கோலம் போட நாங்கள்தான் பூப்பறித்துக் கொடுப்போம். கிராமத்திலிருந்து வந்த பாட்டி ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "எதுத்த வூட்டுக்காரங்க என்ன ஆளுங்க?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா, "ஸ்பிரெடர் ஆபரேட்டர்" என்றார். பாட்டி கேட்டது வேறு என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அப்படிச் சொன்னார். என் அம்மா பேசியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

1993-ல் பிளஸ் டூ முடித்தேன். தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த வருடம். அந்தக் கோடை முழுக்க வீட்டில் ஒரே பேச்சு, எந்தக் கல்லூரி? நுழைவுத் தேர்வு எழுதியாயிற்று, பொறியியல் கிடைத்தால் விடக்கூடாது என்பது அப்பாவின் கணக்கு. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி, ஹாஸ்டலோடு, என்பது அம்மாவின் ஆசை. டவுன்ஷிப்புக்குள்ளேயே ஜவகர் அறிவியல் கல்லூரி இருக்கிறது, சைக்கிளில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாமே என்றார் பக்கத்து வீட்டு மாமி. எதிர்வீட்டு அண்ணன் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அவர் வேறு எதையும் காதில் வாங்கமாட்டார்.

இன்றுபோல் தரவரிசைப் பட்டியல் எதுவும் அன்று கையில் கிடையாது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் அண்ணன்களும் அக்காக்களும்தான் எங்களுக்குத் தகவல். பையன்கள் சாலையோரக் கல்வெர்ட் கட்டையில் உட்கார்ந்து கேட்பார்கள், நாங்கள் வராந்தாவில். எந்தப் பாடம் நன்றாக நடத்துகிறார்கள் என்று யாரும் முதலில் கேட்டதில்லை. மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள், சாயங்காலம் என்ன செய்வீர்கள், கைச்செலவுக்கு என்ன வழி? இவைதான் கேள்விகள். அவை முக்கியமானவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மூன்று வருடத்தில் வகுப்பறையில் கழிவது கொஞ்ச நேரம். மற்ற நேரம் முழுவதும் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அண்ணாமலை அண்ணன் சொன்னவை கண்ணை விரிய வைத்தன. 1929-ல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவியது, படிக்கிறவர்கள் உள்ளேயே தங்கும் பல்கலைக்கழகம். வடநாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட மாணவர்கள். 1965 மொழிப் போரில் சுடப்பட்டு இறந்த மாணவர் ராஜேந்திரனின் சிலை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீக்கடையில் அரசியல். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த இன்னொரு அண்ணன், சேலையூர் ஹால் என்றும் ஹீபர் ஹால் என்றும் தன் விடுதியை ஒரு கட்சியைப் போலப் பேசுவார். ஆனால் அக்காக்கள் சொன்ன கதை வேறு. எந்த ஊர்க் கல்லூரியானாலும் பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நள்ளிரவு டீக்கடை அண்ணன்களுக்குத்தான். ஒரே கல்லூரி ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு இன்னொன்றாகவும் இருக்கும் என்பதை நான் வராந்தாவிலேயே தெரிந்துகொண்டேன்.

என்னை முடிவு செய்ய வைத்தது இன்னொரு நினைவு. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் சாலை மறியல் நடத்தியது. மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 21 உயிர்கள் போயின. டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஊரே கொந்தளித்தபோது, எங்கள் பிளாக்கில் பால் வண்டி ஏன் வரவில்லை என்பதுதான் பேச்சு. பாலக்காடும் வங்காளமும் எங்களுக்குப் பக்கத்து வீடு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு நகர்ந்துபோன ஊர்க்காரர்களின் பிள்ளைகளோ எங்களுக்கு அறிமுகமே இல்லை. தெருவில் இத்தனை மொழி பேசிய எங்களுக்கு, எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு முந்திரித் தோப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

1989-ல் வன்னியர்களும் அடங்கிய மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு தனியாக வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 30, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என மொத்தம் 69. அந்த எண்கள் மனிதர்களாக உட்கார்ந்திருந்த இடம் அரசுக் கலைக் கல்லூரி. கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் சேர்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஏம்மா, தினமும் பஸ்ஸுலயா?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

காலை பஸ் ஆர்ச் கேட், இந்திரா நகர், வடலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி என்று போகும். நான் ஏறும்போது பஸ் காலி. வடலூரில் பாதி நிறையும். 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையாத ஊர் அது. யார் என்று கேட்காமல் இலை போடும் அந்தத் தருமச்சாலையில், சனிக்கிழமை வகுப்பு முடிந்து திரும்பும்போது நாங்கள் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். கூட்டாளிகள் எல்லாம் பஸ்ஸில்தான் சேர்ந்தார்கள். கல்லூரியில் கடற்காற்று வகுப்புக்குள் வரும். மீனவர் வீட்டுப் பையன்கள், நெசவாளர் வீட்டுப் பெண்கள், பண்ருட்டிப் பலாத்தோப்பில் காவலுக்குப் படுத்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்கள்.

பியூரெட்டைப் பிடிக்கும்போது என் லேப் தோழியின் விரல்களைக் கவனித்தேன். நகக்கண்ணிலிருந்து முதல் கணுவரை கறுப்பு. அங்கங்கே தோல் உரிந்து சிவப்பு. காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண். விடிகாலையில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். வறுத்த கொட்டையிலும் எண்ணெய் மிச்சம் இருக்கும், பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் கட்டையால் தட்ட வேண்டும். தட்டு ஒரு மாத்திரை கூடினால் பருப்பு உடையும், உடைந்த பருப்புக்கு விலை குறைவு. சோப்பு போட்டால் கறை போகாதா என்று கேட்டேன். "இது கறை இல்லடி, தோலு. உரிஞ்சாதான் போவும்" என்றாள். தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, பஸ் பாஸ் எல்லாம் அந்தக் கூலியில். ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் அவள் விரல் படும் இடத்தில் மட்டும் தாள் பழுப்பேறியிருக்கும்.

அதைப் பார்த்தபிறகுதான் எங்கள் வராந்தாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் ஆரம்பித்தேன். பிள்ளைகள் படிக்கும்போது சம்பாதிப்பது கம்பெனிச் சம்பளக்காரர் வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல் என்று அப்பா நினைத்தார். முதல் மாதப் பணத்தில் அவருக்கு ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தேன், நைட் ஷிப்டுக்கு. அதற்குப் பிறகு டியூஷன் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது அவர்தான். வேலை செய்துகொண்டு படிக்கலாமா கூடாதா என்று நம் வீடுகளில் இன்றும் விவாதம் நடக்கிறது. என் தோழிக்கு அந்தக் கேள்வியே இருந்ததில்லை. வேலை இருந்ததால்தான் படிப்பு. ஆனால் தூக்கம் குறைந்து, இரண்டாம் வருடத் தேர்வில் அவள் மார்க் சரிந்ததையும் பார்த்தேன். டியூஷன் எனக்குத் தன்னம்பிக்கை தந்தது, முந்திரி அவளிடமிருந்து தூக்கத்தை எடுத்துக்கொண்டது. இரண்டையும் 'மாணவர் வேலை' என்று ஒரே பெயரில் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இழந்ததும் உண்டு. மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் நாடகம், பேச்சுப் போட்டி, கடற்கரை அரட்டை எதிலும் நான் இல்லை. ஹாஸ்டல் நட்பு என்று என் வயதுக்காரர்கள் பேசும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மறுபடியும் 1993 வந்தாலும் தேவனாம்பட்டினம்தான் போவேன். ஆனால் ஏதாவது ஒரு வருடமாவது கடலூரிலேயே தங்கிப் படிக்கக் கேட்பேன்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் வந்துவிட்டோம். எங்கள் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ! ஜூலையில் லிக்னைட் ஹாலில் புத்தகக் கண்காட்சி நடந்தால் போய்வருவேன். நிறுவனத்தின் பெயர் 2016-ல் மாறியது. 2023-ல் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் வரும் பயிருக்குள் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என்னோடு பஸ்ஸில் வந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

காடாம்புலியூர்த் தோழி சென்ற வருடம் போன் செய்தாள். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், அதனால் அவளை முந்திரிப் பக்கமே விடமாட்டேன் என்றாள். அரசுக் கல்லூரி விண்ணப்பம் இணையத்தில் போட வேண்டும், எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது என்றுதான் குழப்பம். மார்க்கைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. "எந்தக் காலேஜுல என் பொண்ணுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளு கெடைக்கும்? சாயங்காலம் எங்க ஒக்காந்திருப்பா?" என்று கேட்டாள். கல்லூரி நடக்கும் நாளாகப் பார்த்து மூவரும் போவோம், கேன்டீனில் சாப்பிடுவோம், மூன்றாம் வருடப் பெண்களிடம் நேராகக் கேட்போம் என்றேன். அடுத்த வியாழக்கிழமை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அம்மாவும் மகளும் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள்.