122 துண்டுகளாக வந்த நீரூற்று... வாங்கிக் கொடுத்தவர் அதில் தண்ணீர் பாய்வதைப் பார்க்கவே இல்லை!

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குச் சுற்றுலா போகும் பலரின் போனிலும் அந்தப் படம் இருக்கும். மேலே கறுத்த பாறையின் உச்சியில் கோட்டை. கீழே பூங்காவில் பளிச்சென்ற நீலப் பச்சை நிறத்தில், தங்கப் பூச்சு மின்ன ஒரு நீரூற்று. அதன் பெயர் ராஸ் நீரூற்று. படம் எடுக்கும் பலருக்கும் அந்த ராஸ் யார் என்று தெரியாது.

டேனியல் ராஸ் பிரபுவும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. அதே ஊரில் துப்பாக்கி செய்து விற்றவர். இரும்போடு வாழ்ந்த மனிதருக்கு இரும்பிலேயே ஓர் ஆசை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1862-ல் லண்டனில் ஒரு சர்வதேசக் கண்காட்சி நடந்தது. பிரான்ஸின் சோம்வார் ஊரில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த அன்துவான் துரென், அங்கே ஒரு பிரமாண்ட நீரூற்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிலைகளை வடிவமைத்தவர் சிற்பி கிளாக்மான். உச்சியில் ஒரு பெண், அவளுக்குக் கீழே அறிவியல், கலை, கவிதை, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பெண்கள், இன்னும் கீழே கடல்கன்னிகள், சிங்க முகங்கள். எல்லாமே வார்ப்பிரும்பு. மணலில் அச்செடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றி, தனித்தனித் துண்டுகளாக வார்த்து, போல்ட் போட்டு இணைத்த வேலை. கல்லில் செதுக்குவதைவிட வேகம். கழற்றி, கப்பலில் ஏற்றி, வேறு நாட்டில் மாட்டிக்கொள்ளலாம். விக்டோரியா காலத்துப் பூங்காக்கள் இந்த வார்ப்பிரும்பின் மேல் பைத்தியமாகத் திரிந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த நீரூற்றைத்தான் ராஸ் தன் ஊருக்குப் பரிசாக வாங்கினார். 1869-ல் லீத் துறைமுகத்துக்கு 122 துண்டுகளாக வந்து இறங்கியது.

வந்த பிறகுதான் பிரச்னை. எங்கே வைப்பது? ஊர் கூடிப் பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகக் கோட்டைக்குக் கீழே மேற்கு பிரின்சஸ் தெரு பூங்காவில் அது எழுந்து நின்றபோது ஆண்டு 1872. ராஸ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கிளாக்மான் 1867-லேயே போய்விட்டார். ஆசைப்பட்டு வாங்கியவரும் இல்லை, உருவம் கொடுத்தவரும் இல்லை.

வரவேற்பாவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் முழுதாக இல்லை. ஆடை குறைந்த பெண் சிலைகளைப் பார்த்துக் கொதித்துப்போனார் பாதிரியார் டீன் ராம்சே. அசிங்கம், ஊருக்கே அவமானம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் அந்தப் பூங்காவின் ஓரத்திலேயே இருக்கிறது. தினமும் கண்ணில் பட்டிருக்கும், பாவம். இத்தனைக்கும் ஸ்காட்லாந்து மக்களின் நகைச்சுவையைத் தொகுத்துப் புத்தகம் போட்டுப் புகழ்பெற்றவர் அவர்!

பாதிரியாரின் கோபத்தைத் தாங்கிய நீரூற்றால் தண்ணீரைத் தாங்க முடியவில்லை. வார்ப்பிரும்பு பார்க்க முரட்டு உலோகம், உள்ளுக்குள் வீம்பு. வளையாது, உடையும். கை நழுவி விழுந்த தோசைக்கல் விரிசல் விட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நீர் புகுந்தால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். இணைப்பை உள்ளிருந்தே நெம்பிப் பிளந்துவிடும். குளிர்காலத்தில் தேங்கிய நீர் உறைந்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் சில வருடங்கள் ஓடும், அவ்வளவுதான். 2001-ல் ஒருமுறை புதுப்பித்தும் பிறகு மீண்டும் தண்ணீர் நின்றுபோனது.

2017-ல் வேறு வழியில்லாமல் மொத்தத்தையும் கழற்றினார்கள். துண்டுகள் இங்கிலாந்தின் விகன் நகரப் பட்டறைக்குப் போயின. வந்தபோது எப்படிப் பிரிந்து வந்ததோ, அப்படியே மறுபடியும் பிரிந்து கிடந்தது நீரூற்று.

இந்த மாதிரி வேலையில் ஒரு சங்கடம் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். உடைந்த துண்டை அப்படியே அச்செடுத்து வார்த்தால், புதுத் துண்டு பழைய இடத்தில் பொருந்தாது. சுருங்கப்போகும் அளவைக் கணக்கிட்டு, அச்சையே கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். வெல்டிங் வைத்துவிடலாமே என்றால், சூடேறி ஆறும்போது பக்கத்திலேயே புது விரிசல் விழும். அவசரக்காரர்களுக்கு ஆகாத தொழில்.

சுமார் 19 லட்சம் பவுண்டு செலவில், 2018 ஜூலை 8 அன்று தண்ணீர் திரும்பியது. புது பம்புகள், நீலப் பச்சை, பழுப்பு, பொன் என்று புது வண்ணம். அந்த நிறம் முதல் பார்வைக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது. ஆனால், ஸ்காட்லாந்தின் சாம்பல் நிற வானத்துக்குக் கீழே அதைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வருவதில்லை.

ராம்சே 1872 டிசம்பரில் காலமானார், நீரூற்று எழுந்த அதே ஆண்டில். தேவாலயம் இன்றும் பூங்காவின் ஓரத்தில் அதே இடத்தில் இருக்கிறது. கடல்கன்னிகளும்தான்.