பாதாம் போட்டு மறைக்க முடியாது

“பாதாம் போட்டா பாதிக் குறை தெரியாது சார். முட்டையில எதைப் போட்டு மறைக்கிறது?” என்றார் அந்த அம்மா. ஊட்டி சேரிங் கிராஸிலிருந்து கொஞ்சம் மேடேறினால் அவருடைய ஓட்டு வீடு. பின்கட்டுதான் பட்டறை. வருஷம் முழுக்க அங்கே தயாராவது கடைகளில் எடை போட்டு விற்கும் சாக்லேட் துண்டுகள்: முந்திரி, பாதாம், உலர்திராட்சை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியதும் பரணிலிருந்து சாக்லேட் முட்டை அச்சுகள் இறங்கிவிடும்.

ஊட்டி சாக்லேட் என்று நாம் டப்பா டப்பாவாக வாங்கி வருவதில் பெரும்பாலானது கொக்கோ கொட்டையை இங்கே வறுத்து அரைத்துச் செய்தது அல்ல. சமவெளி ஆலைகளிலிருந்து பாளம் பாளமாக வருவதை உருக்கி, கலந்து, அச்சில் வார்க்கிறார்கள். கொக்கோ மரத்துக்கு வெக்கையும் நிழலும் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1798இல் அதை இந்தியாவில் முதலில் நட்டுப் பார்த்ததும் குற்றாலத்தில்தான். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. இதைச் சொல்லி ஊட்டிக்காரர்களை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. தையற்காரர் துணி நெய்வதில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லையே. மலை கொடுப்பது குளிரை. 2,240 மீட்டர் உயரத்தில், ஏப்ரலில்கூடப் பகல் வெப்பம் 20, 22 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சாக்லேட் வேலைக்கு ஏசி போட்டு வரவழைக்கிற குளிர் இங்கே ஜன்னல் வழியாகச் சும்மா வருகிறது.

பட்டறையில் இரண்டு வகைப் பாளங்கள் இருந்தன. ஒன்று காம்பவுண்ட். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தது. உருக்கி ஊற்றினால் போதும், தானாக இறுகிவிடும். இன்னொன்று கொக்கோ வெண்ணெய் உள்ளது. பேக்கரிக்காரர்கள் கூவர்ச்சர் என்பதை இந்த வீட்டில் ‘ஒரிஜினல்’ என்கிறார்கள். படுத்துவது அதுதான். கொக்கோ வெண்ணெய் 6 விதமாகப் படிகம் கட்டும். அதில் ஐந்தாவது வகைக்குத்தான் பளபளப்பும், உடைத்தால் ‘டக்’ என்ற சத்தமும், வாயில் கரையும் பதமும் உண்டு. மற்றவை கட்டிவிட்டால் நாலு நாளில் மேலே வெள்ளை பூத்துவிடும்.

அந்த ஐந்தாவதைப் பிடிக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்புச் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 45 டிகிரிக்கு மேல் உருக்குகிறார். ஆவி ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் மொத்தமும் திரிந்து மண் போலாகிவிடும் என்பதால் பாத்திர விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பிறகு மூன்றில் இரண்டு பங்கைக் கருங்கல் மேடையில் ஊற்றுகிறார். பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகடுதான் கருவி. இதற்கென்றே புதிதாக வாங்கியது. பரப்புவது, வழித்துக் கூட்டுவது, மறுபடி பரப்புவது. 27 டிகிரி வாக்கில் சாக்லேட் கனத்து, தகட்டிலிருந்து விழும்போது சோம்பல் முறிக்கிறது. உடனே மிச்சச் சூட்டுச் சாக்லேட்டோடு சேர்த்துக் கிளறி 31, 32க்குக் கொண்டுவர வேண்டும். தெர்மாமீட்டர் இருக்கிறது. ஆனாலும் விரல் நுனியில் தொட்டு உதட்டுக்குக் கீழே வைத்துப் பார்க்கிறார். அங்கே சற்றுக் குளிர்ச்சியாகத் தெரிந்தால் பதம்.

நாக்கில் மட்டும் படவிடுவதில்லை. சி.எஸ்.ஐ. குடும்பம், லெந்து நாற்பது நாளும் இனிப்பு தொடமாட்டார். ருசி பார்ப்பதெல்லாம் பக்கத்து ஹட்டியிலிருந்து வேலைக்கு வரும் படகர் பெண்தான். “அக்கா, கசப்பு தூக்கலா இருக்கு” என்று அவர் சொன்னால் கொஞ்சம் பால் சாக்லேட் சேர்கிறது. முட்டைக்கும் இந்த நோன்புக்கும் பழைய தொடர்பு உண்டு. ஐரோப்பாவில் ஒருகாலத்தில் நோன்பு நாட்களில் முட்டையும் விலக்கு. கோழி அதைக் கேட்கவா போகிறது! சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டர் அன்று வண்ணம் பூசி வெளியே வந்தன. சாக்லேட்டுக்கு மாறியது பிறகுதான். பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி 1873இல் இங்கிலாந்தின் முதல் சாக்லேட் முட்டையைச் செய்தது, 1875இல் கேட்பரி. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயம் பொது வழிபாட்டுக்குத் திறந்ததே 1831இல் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று. அன்று வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் முட்டை கிடைத்திருக்காது.

அச்சு, பாதி முட்டை வடிவத்தில் கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிகார்பனேட். பஞ்சால் துடைத்து, பிரஷ்ஷால் முதல் பூச்சு. அப்புறம் நிறைய ஊற்றி, காற்றுக்குமிழ் போகத் தட்டி, கவிழ்த்து வடிக்கிறார்கள். ஓரத்தைச் சுரண்டிச் சில நிமிடம் ஃபிரிட்ஜில். இறுகியதா என்று பார்க்க அச்சைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார் படகர் பெண். ஈரமாகத் தெரிந்த கறுப்பு, ஒரு மூலையிலிருந்து வெளிறிச் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்துகொண்டு வந்தது. பதம் சரியாக இருந்தால் சாக்லேட் இறுகும்போது சுருங்கித் தானாகவே அச்சை விட்டு விலகும். முழுவதும் வெளிறியபின் கவிழ்த்தார். ஓடு உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதில் என் முகம் தெரிந்தது. பதம் தப்பியது ஒட்டிக்கொண்டு வராது, வந்தாலும் திட்டுத் திட்டாக மங்கியிருக்கும். அந்த அம்மா சொன்ன மறைக்க முடியாத குறை இதுதான்.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. இரண்டு ஓட்டின் விளிம்பையும் வெதுவெதுப்பான தோசைக்கல்லில் ஒரு நொடி வைத்து, உள்ளே ஜெம்ஸ் மிட்டாய் போட்டு ஒட்டுகிறார்கள். கைரேகை படாமலிருக்கப் பருத்திக் கையுறை. இணைப்பின் மேல் ஐசிங்கில் பூ, பிள்ளையின் பெயர். உடைந்த ஓடுகள் திரும்ப உருக்கப் போகின்றன. ஐசிங் பட்டது மட்டும் அதற்கு ஆகாது. தெருப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது, பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார்கள்.

காம்பவுண்ட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நிறைய. நாக்கைக் கேட்டால் நானும் ஒரிஜினல் கட்சிதான். மற்றது மேலண்ணத்தில் மெழுகு போலப் படிகிறது. ஆனால் கொக்கோ வெண்ணெய் 33, 34 டிகிரியில் இளகும். மேட்டுப்பாளையத்தில் ஏப்ரல் மத்தியானம் அதைத் தாண்டிவிடும். மலையின் குளிர் மலையோடு நின்றுவிடுகிறது. அதனால் இந்த வீட்டில் யார் வந்து முட்டை கேட்டாலும் முதல் கேள்வி, “எங்க கொண்டு போறீங்க?” உள்ளூர் ஆலயத்துக்கும் போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளுக்கும் என்றால் ஒரிஜினல்.

நான் கிளம்பும்போது கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். பேத்திக்கு ஒரிஜினல்தான் வேண்டும் என்று நின்றார்.

“ராத்திரி இறங்குறதா இருந்தா தர்றேங்க. காருக்குள்ள காலடியில வெச்சு ஏசி போட்டுக்கணும்.”

“இல்லம்மா, சாப்பிட்டதும் கிளம்பறோம்.”

“அப்ப காம்பவுண்ட் வாங்கிக்குங்க” என்று அந்த அம்மா அட்டைப்பெட்டியை மடிக்கத் தொடங்கிவிட்டார்.